குருவிட்டவில் வியர்வை ஏன் காய்வதில்லை?

ஆகஸ்ட் லீவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களின் பயணம் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். நல்லூர்த் திருவிழா, பிறகு கண்டி, நுவரெலியா. இரத்தினபுரிப் பக்கம் உறவு யாராவது இருந்தால் கடைசியில் இரண்டு நாள் குருவிட்ட. யாழ்ப்பாணத்து வெயிலில் தேருக்குப் பின்னால் சளைக்காமல் நடந்தவர்கள், குருவிட்டவில் 30 பாகையில், அதுவும் வானம் மப்புப் போட்டிருக்கும்போது, திண்ணையில் உட்கார்ந்தபடியே தெப்பமாக நனைகிறார்கள். கைபேசியை எடுத்துப் பார்த்தால் 30 என்றுதான் போட்டிருக்கிறது. "இது பொய் சொல்லுது" என்று அதை ஓரமாக வைத்துவிடுகிறார்கள்.

கைபேசி பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்கிறது. குருவிட்டவில் ஆளைச் சாய்ப்பது ஆவி. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், பின்னேரம் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினிக்குள் எட்டிப் பாருங்கள். இரவு வியாபாரத்துக்கு இடியப்பம் அவிந்துகொண்டிருக்கும்.

சட்டியின் அடியில் தண்ணீர். தண்ணீர் எட்டாத உயரத்தில் தட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. எல்லாவற்றுக்கும் மேலே மூடி. பிழிந்து வைத்த மா தண்ணீரையும் தொடுவதில்லை, நெருப்பையும் தொடுவதில்லை. பிறகு எதில் வேகிறது? ஒரு கிராம் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி போதும். கொதித்த அந்தத் தண்ணீரை ஆவியாக்கத்தான் இன்னும் 540 கலோரி வேண்டும். அந்த வெப்பம் முழுவதும் ஆவிக்குள் மறைந்து நிற்கிறது. ஆவி மேலே போய், ஆறிப்போயிருக்கும் மாவில் பட்டதும் மறுபடி தண்ணீராகிறது. மறைத்து வைத்திருந்த வெப்பத்தை மாவில் இறக்குகிறது. ஐந்தாறு நிமிடத்தில் இடியப்பம் வெந்துவிடும். கொதிதண்ணீர் சுட்ட புண்ணைவிட ஆவி சுட்ட புண் மோசமாக இருப்பதும் இதனால்தான்.

வியர்வை இதே கணக்கைத் திருப்பிப் போடுகிறது. தோலின்மேல் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது உடம்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லீட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். ஒருவேளைச் சாப்பாட்டுக்கு அருகில் வரும் கணக்கு இது. ஆனால் 'ஆவியானால்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வழிந்து சட்டையில் ஊறி, முழங்கையில் சொட்டும் வியர்வை உடம்பைக் குளிரச் செய்வதில்லை. வெறுமனே தண்ணீரையும் உப்பையும் கொண்டுபோகிறது.

மூடி போட்ட சட்டிக்குள் ஈரத்துணியைக் காயப்போட முடியுமா? குருவிட்டவில் ஆகஸ்ட் மாதத்து உடம்பின் நிலைமை அதுதான். சுற்றியிருக்கும் காற்று ஏற்கெனவே ஆவியால் நிறைந்திருக்கிறது. உங்களுடைய வியர்வையை வாங்கிக்கொள்ள அதில் இடம் இல்லை. 32 பாகை வெப்பமும் 40 வீத ஈரப்பதனும் இருந்தால் உடம்பு உணர்வது ஏறக்குறைய 33 பாகை. அதே 32 பாகையோடு ஈரப்பதன் 70 வீதமானால் உடம்புக்கு அது 41 பாகையாகிறது. வளிமண்டலவியல் திணைக்களம் வெக்கை மாதங்களில் வெளியிடும் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை இந்த இரண்டாவது கணக்கைத்தான் சொல்கிறது. வானொலியில் அதைக் கேட்டால், வெறும் வெப்பநிலையை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணமும் கடலோரம்தானே, அங்கே மட்டும் என்ன என்று கேட்கலாம். அங்கேயும் காற்றில் ஈரம் குறைவில்லை. ஆனால் ஆகஸ்டில் அங்கே சோளகம் வீசுகிறது. தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை அது தள்ளிக்கொண்டே இருப்பதால் வியர்வைக்குப் போக வழி கிடைக்கிறது. குருவிட்ட மலையடிவாரம். சுற்றிலும் இறப்பர் மரமும் தென்னையும் கமுகும் மேடும் பள்ளமும். தென்மேற்கிலிருந்து வரும் அதே பருவக்காற்று மேலே மேகத்தை ஓட்டிக்கொண்டிருக்கும். கீழே வாசலில் ஓர் இலைகூட அசையாது.

ஈரப்பதனை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். குசினியில் உப்புச் சிரட்டையைப் பார்த்தால் போதும். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். விடியற்காலையில் கசிந்து குழைந்து கிடக்கும் உப்பு, வெயில் வந்த நாளில் மத்தியானத்துக்குள் கொஞ்சம் இறுகிவிடும். மழைக்காலத்தில் இறுகுவதே இல்லை. லயத்து வீடுகளில் உப்பையும் தீப்பெட்டியையும் அடுப்புக்கு மேலே பரண் ஓரமாக வைப்பார்கள். சூட்டில் அந்த மூலையில் மட்டும் ஈரப்பதன் குறைந்திருக்கும். பிள்ளைகளின் பாடசாலைச் சட்டை அடுப்பங்கரைக் கயிற்றில் தொங்குவதும் அதற்குத்தான். புகை மணக்கும், ஆனால் காய்ந்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். விடியற்காலைக்கும் மத்தியானத்துக்கும் இடையில் காற்றில் உள்ள தண்ணீரின் அளவு பெரிதாக மாறுவதில்லை. காற்றின் கொள்ளளவுதான் மாறுகிறது. 30 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் ஆவியைத் தாங்கும்: ஆறு தேக்கரண்டித் தண்ணீர். 20 பாகையில் 17 கிராம்தான். 10 பாகையில் 9 கிராம், இரண்டு தேக்கரண்டிகூட நிறையாது. எனவே வெயில் ஏறினால் இடம் கூடுகிறது, இறங்கினால் குறைகிறது. மப்பு இல்லாத நாளில் காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரைதான் துணி காயும். அந்த நேரத்தை விட்டால் அடுத்த நாள்தான்.

சரி, சட்டியில் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? தென்மேற்கே இந்து சமுத்திரம். ஆண்டு முழுவதும் வெதுவெதுவென்று இருக்கும் கடல் அது. மே முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கடலின் மேலால் நெடுந்தூரம் வந்து, களுத்துறை, கொழும்புக் கரையில் ஏறி, சமவெளியைக் கடந்து சப்ரகமுவ மலைகளில் முட்டுகிறது. இந்த இடத்தில் இடியப்பச் சட்டி முழுவதும் பொருந்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடல் கொதிப்பதில்லை, கொதிக்காமலே அதன் மேற்பரப்பிலிருந்து தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அடுப்பும் அடியில் இல்லை, தலைக்குமேல் இருக்கிறது. மற்றபடி வேலை ஒன்றுதான்.

மூடிதான் இந்த ஊரின் விசேஷம். குருவிட்டவிலிருந்து கிழக்கே பார்த்தால் மலை படிப்படியாக எழும்பி, கடைசியில் 2,243 மீட்டர் உயரத்தில் சிவனொளிபாதத்தில் முடிகிறது. அடிவாரத்து ஊர் கடல் மட்டத்திலிருந்து அதிகம் உயரவில்லை. இவ்வளவு குறுகிய தூரத்தில் இவ்வளவு உயரமான சுவர் நிற்பதால், வந்த காற்றுக்கு ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. மலை குளிர்ந்திருப்பதால்தான் ஆவி தண்ணீராகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சட்டி மூடியில் நடப்பது அதுதான். ஆனால் மலையில் காற்று தானாகவே குளிர்கிறது. உயரப்போக அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, விரிந்தால் வெப்பம் இறங்குகிறது, 100 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு பாகை வீதம். ஆறு தேக்கரண்டி தாங்கிய காற்று ஐந்து, நான்கு என்று தாங்கும் சக்தியை இழந்துகொண்டே ஏறுகிறது. அடிவாரத்தில் 30 பாகையில் ஈரம் மிகுந்து புறப்பட்ட காற்றில் எழுநூறு, எண்ணூறு மீட்டர் உயரத்திலேயே மேகம் கட்டிவிடும். அதற்குமேல் ஏறுவதெல்லாம் மழை.

அதனால்தான் இரத்தினபுரிக்கு ஆண்டு ஒன்றுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மழை குறைந்த மாதம் என்று சொல்லப்படும் ஜனவரியிலேயே 100 மில்லிமீட்டர் சாதாரணமாகப் பெய்துவிடும். இதை 'மழையில்லாத காலம்' என்று பயணக் கையேடுகள் எழுதுவது எனக்குப் பிடிபடாத சங்கதி.

மூடிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதையும் ஒரே நாளில் பார்க்கலாம். கொழும்பிலிருந்து அவிசாவளை, எஹெலியகொட, குருவிட்ட, இரத்தினபுரி என்று வரும் ஏ4 வீதியிலேயே தொடர்ந்து கிழக்கே போங்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் குருவிட்டவில் வைப்பரைப் போட்டுக்கொண்டு ஓடிய வாகனம், பலாங்கொடையைத் தாண்டும்போது அதை நிறுத்தியிருக்கும். தண்ணீரை இந்தப் பக்கம் இறக்கிவிட்ட காற்று, அந்தப் பக்கச் சரிவில் இறங்கும்போது அழுத்தம் கூடிச் சூடேறுகிறது. வறண்ட காற்றாக ஊவாவிலும் மட்டக்களப்பிலும் அடிக்கிறது. கிழக்கில் கச்சான் என்று சொல்லி அலுத்துக்கொள்வது இந்தக் காற்றைத்தான். குருவிட்டவில் நம்மை அவித்த காற்று, மட்டக்களப்பில் வயலைக் காயவைக்கிறது. எம்பிலிப்பிட்டிய குருவிட்டவோடு ஒரே மாவட்டம், ஆனால் அது உலர் வலயம். 'இரத்தினபுரி மாவட்டத்தில் மழை' என்ற ஒரு வரிச் செய்தியை நம்பிப் பயணத்தைத் தீர்மானிக்காதீர்கள்.

கோடைகாலக் கடைசி என்று நினைத்து வருகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு குழப்பம் உண்டு. லண்டன் நாட்காட்டி இந்த ஊருக்குப் பொருந்தாது. இங்கே உண்மையான வெக்கை பெப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை. ஆகஸ்ட், செப்டம்பர் என்பது பருவமழையின் வால். மே, ஜூனில் கொட்டிய அளவுக்குக் கொட்டாது; ஆகஸ்டில் மழை சற்று இளைத்து, விட்டு விட்டுப் பெய்து, செப்டம்பரில் திரும்பவும் கூடும். ஒக்டோபரில் அடுத்த உச்சம்.

அந்த இரண்டு உச்சங்களிலும் சட்டி வேலை செய்யும் விதம் வேறு. பருவக்காற்று வீசும்போது ஆவி கடலிலிருந்து தள்ளப்பட்டு வருகிறது. அதற்கு நேரம் காலம் இல்லை. இரவில் பெய்யும், விடியற்காலையில் பெய்யும், மூன்று நாள் தூறிக்கொண்டே இருக்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் வரும் இடைப்பருவத்தில் காற்று அடங்கிவிடும். அப்போது நிலத்தில் கிடக்கும் ஈரத்தையே வெயில் அவிக்கிறது. காலை பளிச்சென்று இருக்கும். பதினொரு மணிக்கு மலையின் மேல் வெள்ளை மேகம் திரளும். இரண்டு மணிக்கு அவிச்சல் தாங்க முடியாது. மூன்று, நான்கு மணிக்கு இடி மின்னலோடு மூடி திறந்துகொள்ளும். ஆறு மணிக்குக் குளிர்ந்துவிடும். செப்டம்பர் கடைசியில் வருகிறவர்கள் இந்த இரண்டில் எது நடக்கிறது என்று முதல் நாளே கவனித்துக்கொண்டால் மிச்ச நாட்களைத் திட்டமிடலாம். பின்னேர மழை என்றால் காலை உங்களுடையது. பருவமழை என்றால் குடையும் பொறுமையும்தான்.

மழை பெய்யும் நேரத்தை மிக நுணுக்கமாகப் படிக்கிறவர்கள் இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள். மரத்தில் பால் நன்றாக ஓடுவது விடியற்காலையில்தான். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். எனவே அவர்கள் இருட்டோடு எழும்பி முதலில் பார்ப்பது வானத்தைக்கூட அல்ல, பட்டையை. இரவு மழையில் பட்டை நனைந்திருந்தால் கத்தி வைக்க முடியாது. வைத்தாலும் பால் வெட்டின் தடத்தில் இறங்காமல் மரமெங்கும் பரவி வழியும். சிரட்டையில் விழுந்ததிலும் மழைத்தண்ணீர் கலந்துவிடும். மரத்தைச் சுற்றிப் பொலித்தீன் பாவாடை கட்டுவது இதற்காகத்தான். பருவமழையில் இரவு பெய்தால் காலை வேலை போகிறது. இடைப்பருவத்தில் பின்னேரம் பெய்தால் காலை வேலை பெரும்பாலும் தப்பிவிடும். மொத்த மழை அளவு ஒன்றாகவே இருந்தாலும், பெய்த நேரத்தைப் பொறுத்து ஒரு வீட்டின் மாத வருமானம் மாறுகிறது. தேயிலைக் கொழுந்துக்கும் இதே பாடுதான். ஈரக் கொழுந்து தானாக வாடாது. தொழிற்சாலையில் விறகு எரித்துச் சூடுகாற்று ஊதித்தான் வாட்ட வேண்டும். புழுக்கம் விருந்தாளிக்கு இரண்டு நாள் தொந்தரவு. இங்கே அது கூலிக் கணக்கு.

மனிதர்கள் இந்த ஆவிக்குள் நேற்று வந்தவர்களும் அல்லர். குருவிட்டவுக்கு அருகே பட்டதொம்பலென குகையில் 30,000 ஆண்டுகளுக்கு முன்பே ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய எலும்புகளும் நுண்ணிய கல்லாயுதங்களும் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. உடம்பு பழகும். ஆனால் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் எடுக்கும்: வியர்வை சீக்கிரம் சுரக்கத் தொடங்கும், அதில் உப்புக் குறையும். இரண்டு நாள் தங்க வருகிறவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது என்பதுதான் சிக்கல்.

அதற்காகச் செய்யக்கூடியது அதிகமில்லை, ஆனால் இருக்கிறது. மூடியைக் கொஞ்சம் திறந்தால் ஆவி வெளியேறும் என்ற அடுப்படி அறிவுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. சன்னலை எதிரும் புதிருமாகத் திறந்து வையுங்கள். மின்விசிறி காற்றைக் குளிராக்காது, தோலை ஒட்டிய ஈரக்காற்றை நகர்த்தும்; 30 பாகையில் அதுவே போதும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் இரண்டு நாளானாலும் காயாது. மெல்லிய பருத்திச் சட்டையோ சாரமோ போதும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் போன உப்புத் திரும்பி வராது. உப்புப் போட்ட கஞ்சி, செவ்விளநீர், உப்புக் கலந்த எலுமிச்சைத் தண்ணீர் என்று மாற்றிக் குடியுங்கள். குளிரூட்டி போட்ட வாகனத்திலிருந்து இறங்கியதும் மூக்குக் கண்ணாடியும் கமெராவும் ஆவி படிந்து மங்கிப்போகும். குளிர்ந்த கண்ணாடியே அப்போது சட்டி மூடி ஆகிவிடுகிறது. துடைக்கத் துடைக்க வரும், சூடேறும்வரை சும்மா விடுவதே மேல். கமெராவை இறங்குவதற்குச் சற்று முன்பே பைக்குள் மூடி வைப்பது நல்லது.

வியர்வை ஒரு பக்கம் இருக்கட்டும். மூடியில் சேர்ந்த தண்ணீர் எங்கே வடிகிறது என்பதுதான் உயிரோடு விளையாடும் சங்கதி. இடியப்பச் சட்டியின் மூடியில் கட்டிய துளிகள் நடுவில் விழுவதைவிட விளிம்பை நோக்கி ஓடுவது அதிகம். சிவனொளிபாதச் சரிவில் விழும் மழையும் நின்ற இடத்தில் நிற்பதில்லை; குரு கங்கையில் இறங்கி, களு கங்கையில் சேர்ந்து, களுத்துறையில் கடலுக்குப் போகிறது. குருவிட்டவில் எல்லோரும் பார்க்கப் போகும் போபத் எல்ல, சுமார் 30 மீட்டர் உயர அருவி, இந்தக் குரு கங்கையில்தான் இருக்கிறது. நீங்கள் குளிக்கும் இடத்தில் ஒரு துளி மழை இல்லாமல் இருக்கலாம். மேலே மலையில் மூடி வடிந்துகொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் உங்களுக்குச் சொல்லிவிட்டு வராது.

சிவனொளிபாதத்துக்குக் குருவிட்ட–எரத்ன வழியாக ஏற ஆசைப்படுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். யாத்திரைக் காலம் டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் போயாவரை. ஆகஸ்டில் பாதையில் விளக்கு இராது, தேத்தண்ணிக் கடை இராது, அட்டை மட்டும் தாராளமாக இருக்கும். ஓடைகள் எந்த நேரமும் பெருகலாம். நல்லதண்ணியிலிருந்து மலைக்கு ஏறும் படிப்பாதையைப் போல இதை நினைக்க வேண்டாம்.

மலைச்சரிவு வீடுகளில் தங்குகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2003 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்தையும் தெற்கையும் வெள்ளமும் மண்சரிவும் அழித்தன. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடியது. 2017 மே மாதம் மறுபடி இரத்தினபுரி, களுத்துறை. மூன்றும் பருவக்காற்றின் தொடக்கத்தில் நடந்தவை என்றாலும், மண் ஊறியிருந்தால் எந்த மாதமும் ஆபத்துதான். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவு இது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பாக இருங்கள், 100 பெய்தால் வெளியேற ஆயத்தமாகுங்கள், 150 பெய்தால் வெளியேறுங்கள். வாசலில் நேர்ச்சுவருள்ள ஒரு டின்னை வைத்து அடிமட்டத்தால் அளந்தாலே போதும். 75 மில்லிமீட்டர் என்பது ஏழரை சென்டிமீட்டர். விருந்துக்குப் போன வீட்டில் இரவெல்லாம் கொட்டினால், காலையில் அந்த டின்னைப் பார்த்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

ஆற்றில் இறங்குவதற்கு முன் கரையில் உள்ள ஊர்க்காரர் ஒருவரிடம் மேலே மழையா என்று கேளுங்கள். தண்ணீர் நிறம் மாறினால், சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால், துணியையும் பையையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு கரையேறிவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. வரும்போதே கைபேசியில் பதிந்து வையுங்கள்.